முன்வினையும் பாய்ப்படகும்

சங்ககிரி என்றால் வெளியூராருக்கு இரண்டு சங்கதிகள் ஞாபகத்திற்கு வரும். ஒன்று மலைக்கோட்டை, மற்றொன்று லாரி. இந்த ஊரில் லாரி ஓட்டியும், லாரி கழுவியும், லாரிக்குப் பட்டறை வைத்தும் பிழைக்கின்ற குடும்பங்கள் ஏராளம். ஆகவே லாரியினாலேயே கையும் காலும் இழந்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பவர்களும் இங்கு அபூர்வம் அல்ல.

அப்படி இரண்டு கால்களையும் முழங்காலுக்குக் கீழே இழந்த நமது தோழர் ஒருவர், சென்ற கோடையில் மனைவி மக்களை அழைத்துக் கொண்டு ஓர் ஏரிக்குப் படகு சவாரிக்காகச் சென்றிருந்தார். எந்த ஏரி, யாருடைய துறை என்பது இங்கு அவசியமில்லை. ஏனெனில் நாம் குற்றம் சொல்ல வந்தது ஒரு துறையை அல்ல. நாடு பூராவும் பரவிக் கிடக்கின்ற ஒரு புத்தியையே யாகும். டிக்கட் கொடுப்பவர் தோழரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உங்களுக்கு வேண்டாமுங்கண்ணா, தவறி விழுந்தா எங்களுக்குத்தானுங்க வம்பு" என்று சொன்னாராம். அவர் கெட்ட மனிதர் அல்ல, மரியாதையாகத்தான் சொன்னார். படகுக்கு இறங்க இருபது படி. கைப்பிடி கிடையாது. மனைவியும் குழந்தைகளும் படகில் போனார்கள். தோழர் கரையில் உட்கார்ந்து அவர்களுடைய செருப்புகளுக்குக் காவல் இருந்தார். அதைப் பார்த்து வேறு நாலு குடும்பத்தாரும் தங்கள் செருப்புகளை அவரிடம் விட்டுப் போனார்கள். கடைசியாக ஒரு பெரியவர் வந்து, "போன ஜன்மத்துப் பாவம்" என்று முணுமுணுத்து, ஐந்து ரூபாய் நாணயம் ஒன்றை அவர் மடியில் போட்டுவிட்டுப் போனார்.

தோழர் இதை நம்மிடம் சிரித்துக் கொண்டுதான் சொன்னார். "காலில்லாதவனிடம் செருப்பை ஒப்படைக்கிறார்கள்; படகை ஒப்படைக்க மாட்டேன் என்கிறார்கள்" என்றார். நமக்குச் சிரிப்பு வரவில்லை.

டிக்கட் மறுத்த கையும், காசு போட்ட கையும் வேறு வேறு என்று பலர் நினைக்கக்கூடும். ஒன்று கொடுமை, மற்றொன்று தர்மம் என்பார்கள். நமது அபிப்பிராயத்தில் இரண்டும் ஒரே உடம்பின் இரண்டு கைகள்தான். "இவன் நம்மைப் போன்ற மனிதன் அல்ல, இவனுக்கு ஆசை, சந்தோஷம், தைரியம் என்பவை தேவையில்லை, கஞ்சியும் இரக்கமும் இருந்தால் போதும்" என்பதே இரண்டுக்கும் வேர். அந்த வேர் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டாமா?

மனுதர்ம சாஸ்திரம் என்னும் புத்தகத்தின் 11-வது அத்தியாயத்தில் ஒரு ஜாபிதா இருக்கின்றது. இன்ன பாவம் செய்தவன் மறு ஜன்மத்தில் இன்ன ஊனத்தோடு பிறப்பான் என்பது அதன் சாரம். அதில் குதிரை திருடினவன் நொண்டியாவான் என்று கண்டிருக்கின்றது. இந்தியாவில் 2011-வது வருஷ ஜனக் கணக்குப்படி ஊனமுற்றோர் 2 கோடியே 68 லட்சம் பேர். நமது தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 11 லட்சத்து 80 ஆயிரம் பேர். இவர்களில் கால் ஊனமான அத்தனை பேருக்கும் திருடுவதற்குக் குதிரை எங்கிருந்து வந்தது? நமது சேலம் ஜில்லாவில் எந்தக் காலத்தில் அவ்வளவு குதிரைகள் இருந்தன? மாடு திருடினவன் கதி என்ன, லாரி திருடினவன் கதி என்ன என்று கேட்டால் சாஸ்திரிகள் என்ன சொல்லுவார்கள்?

இது நிற்க. இளம்பிள்ளை வாதம் என்கின்ற போலியோ நோயை எடுத்துக் கொள்ளுவோம். நமது தகப்பனார் காலத்திலும் நமது காலத்திலும் நமது பிள்ளைகளின் கால்களைச் சூம்ப வைத்தது இதுதான். இந்தியாவில் இயற்கைக் கிருமியினால் வந்த இந்த நோயின் கடைசிக் கேஸ் 2011 ஜனவரியில் கண்டது. 2014 மார்ச்சில் உலக சுகாதார ஸ்தாபனம் இந்தியா உள்ளிட்ட தென்கிழக்கு ஆசியப் பகுதியைப் போலியோ அற்றது என்று அறிவித்தது. அப்படியானால் 2011-க்குப் பிறகு பூர்வ ஜன்மப் பாவிகள் பிறப்பதை நிறுத்திக் கொண்டார்களா? சித்திரபுத்திரன் கணக்குப் புஸ்தகம் தொலைந்து போயிற்றா? அல்லது குதிரைத் திருட்டு ஒரே நாளில் ஒழிந்து விட்டதா? ஒன்றும் இல்லை. வாயில் இரண்டு சொட்டு மருந்து விட்டார்கள், அவ்வளவுதான். கடவுள் எழுதியது என்று சொல்லப்பட்ட தலையெழுத்தை இரண்டு சொட்டு மருந்து அழித்துவிட்டது என்றால், அது தலையெழுத்தா, அல்லது தலையில் மூளையில்லாததன் அடையாளமா என்பதை வாசகர்களே யோசித்துக் கொள்ளட்டும்.

தவிரவும், அதே மனு 9-வது அத்தியாயத்தில், பிறவிக் குருடர், செவிடர், ஊமையர், அங்கம் குறைந்தவர் ஆகியோருக்குத் தகப்பன் சொத்தில் பங்கில்லை, சோறும் துணியும் மட்டும் கொடுத்தால் போதும் என்று சட்டம் செய்திருக்கின்றான். இது ஏட்டில் கிடந்த சங்கதி என்று நினைத்துவிட வேண்டாம். கோர்ட்டுகளில் இதை இந்து லா என்று நடத்தி வந்தார்கள். 1928-ம் வருஷத்தில் தனிச் சட்டம் ஒன்று செய்துதான் இதில் பெரும் பகுதியை ஒழிக்க வேண்டியிருந்தது. மிச்சமும் 1956-ம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டத்தில்தான் தீர்ந்தது. ஆகவே நாம் ஆராயும் இந்தப் புத்தி நேற்று முளைத்ததல்ல. சாஸ்திரத்தில் விதைத்து, கோர்ட்டில் நீர் பாய்ச்சி வளர்த்த பயிராகும்.

இன்னொரு வேடிக்கையையும் கவனிக்க வேண்டும். சிராத்தத்திற்கு அழைக்கக் கூடாதவர்கள் யார் யார் என்று மனு 3-வது அத்தியாயத்தில் ஒரு வரிசை சொல்லுகின்றான். அந்த வரிசையில் ஒற்றைக் கண்ணர், குருடர், யானைக்காலர் ஆகியவர்களோடு சேர்த்துக் கடல் யாத்திரை செய்தவனையும் வைத்திருக்கின்றான்! கடல் தாண்டினால் ஜாதி போய்விடும் என்று இந்த நாட்டு மேல்ஜாதியார் நூற்றுக்கணக்கான வருஷங்கள் பயந்து நடுங்கியது இதனால்தான். பெரியார் 1929-ல் மலாய் நாட்டுக்கும் 1931-ல் ஐரோப்பாவுக்கும் கப்பலேறிப் போனது, இந்த நடுக்கத்தைக் காலால் உதைத்த காரியமுமாகும். எனவே, கடலோடியையும் ஊனமுற்றவனையும் ஒரே பந்தியிலிருந்து சாஸ்திரம் தள்ளி வைத்தது. தள்ளப்பட்ட அந்த இருவரும் ஒரே படகில் ஏறுவதைப் பற்றித்தான் இன்று நாம் எழுதுகின்றோம்.

பாய்ப்படகு என்பது என்ன? அதை ஓட்டுவது கால் அல்ல, காற்று. ஓட்டுபவனுக்கு வேண்டியது இரண்டுதான்: பாயை இழுக்கவும் தளர்த்தவும் ஒரு கயிறு, திசை திருப்பச் சுக்கான். காற்று எந்தப் பக்கமிருந்து வருகின்றது என்று தெரிந்து கொள்ள முகத்தின் தோலே போதும், கண்கூட வேண்டியதில்லை. இத்தனை நாளும் ஊனமுற்றோருக்கு இருந்த தடை, படகு ஒரு பக்கம் சாயும்போது ஓட்டுகிறவன் எழுந்து மறுபக்கம் தாவ வேண்டியிருந்ததுதான். ஆஸ்திரேலியா தேசத்தில் இதற்கும் வழி கண்டார்கள். ஹன்ஸா என்று இன்று வழங்கும் சிறு படகில், அடியில் இறங்கும் பலகைக்குக் கனம் ஏற்றி விட்டார்கள். தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையை எந்தப் பக்கம் தள்ளினாலும் நிமிர்கின்றது அல்லவா? அதே தத்துவம்தான். ஓட்டுகிறவர் தாழ்வான இருக்கையில் முன்னே பார்த்தபடி உட்கார்ந்து கொள்ளலாம், தாவ வேண்டியதில்லை. சுக்கானைத் திருப்ப நடுவில் ஒரு சிறு கைப்பிடி. காற்று அதிகமானால் பாயைப் பாய்மரத்திலேயே சுருட்டிக் கொள்ளலாம். கையும் வலுவில்லாதவர்களுக்கு மின்சார மோட்டார் வைத்துக் கயிற்றை இழுக்கச் செய்கின்றார்கள்.

இங்கிலாந்தில் ஹிலாரி லிஸ்டர் என்று ஓர் அம்மையார் இருந்தார். நோயினால் கழுத்துக்குக் கீழே உடம்பு அசையாது. அவர் வாயில் வைத்த குழல்களை ஊதியும் உறிஞ்சியும் படகை நடத்தி, 2005-ல் தனியாக ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார். 2009-ல் பிரிட்டன் தீவைத் தனியாகவே சுற்றி வந்தார். ஜப்பானியரான மிட்சுஹிரோ இவாமோட்டோ என்பவர் இரு கண்களும் பார்வையற்றவர். 2019-ல் கண் பார்வையுள்ள துணைவர் ஒருவருடன் அமெரிக்காவிலிருந்து ஜப்பான் வரை பசிபிக் சமுத்திரத்தை நில்லாமல் கடந்தார். நமது நாட்டுக் கடற்படையைச் சேர்ந்த அபிலாஷ் டோமி என்பவர் 2018-ல் உலகைச் சுற்றும் போட்டியில் நடுக்கடலில் புயலில் சிக்கி முதுகெலும்பு உடைந்து, மீட்கப்பட்டார். முதுகில் உலோகத் துண்டுகளை வைத்துக் கட்டிக் கொண்டு, அதே போட்டியில் மறுபடியும் இறங்கி, 2023-ல் இரண்டாவதாக வந்து சேர்ந்தார். இவர்கள் ஒருவரும் எந்தச் சாமிக்கும் முடியிறக்கி இந்தக் காரியங்களைச் செய்யவில்லை. கருவியும் பழக்கமும் துணையும் கிடைத்தன, செய்தார்கள்.

இங்கிலீஷ்காரர்களின் கப்பல் தலைவன் நெல்சனை நம்மவர்கள் பள்ளிப் புஸ்தகத்தில் படித்திருப்பார்கள். 1794-ல் ஒரு கண்ணின் பார்வை போயிற்று. 1797-ல் வலது கை போயிற்று. அதற்குப் பிறகுதான் 1805-ல் டிரபால்கரில் பெரிய வெற்றி. அதே 1805-ல்தான் நமது சங்ககிரி மலைக்கோட்டையில் தீரன் சின்னமலையைக் கும்பெனியார் தூக்கிலிட்டார்கள். ஏகாதிபத்தியத்தின் ஏவலாளான நெல்சனைப் புகழ்வது நமது வேலையல்ல. நாம் கேட்பதெல்லாம் இதுதான்: ஒற்றைக் கண்ணும் ஒற்றைக் கையுமாக அவன் இந்த நாட்டில் இருந்திருந்தால் அவனுக்குக் கப்பல் கொடுத்திருப்பார்களா, அல்லது கோயில் வாசலில் ஒரு தட்டைக் கொடுத்து உட்கார வைத்திருப்பார்களா? அவன் பெயரையே வைத்து 1986-ல் அங்கே ஒரு பெரிய பாய்க்கப்பல் கட்டினார்கள். சக்கர நாற்காலி ஏறி இறங்கத் தூக்கிகளும், பார்வையற்றவர் சுக்கான் பிடிக்கப் பேசும் திசைகாட்டியும் அதில் உண்டு. கப்பலோட்டப் பழக வருபவர்களில் பாதிப் பேர் வரை ஊனமுற்றவராக இருக்கலாம் என்று திட்டம் செய்து, அந்தக் கப்பலை 2019 வரை ஓட்டினார்கள். பிறகு பணமுடையால் அந்த ஸ்தாபனம் 2023-ல் மூடப்பட்டது என்பதையும் மறைக்காமல் சொல்லுகின்றோம். தனியார் தர்மத்தை நம்பிய காரியம் பணம் உள்ளவரைதான் ஓடும்; ஆகவேதான் இது சர்க்கார் கடமையாக வேண்டும் என்கின்றோம்.

ஊனமுற்றோர் ஒலிம்பிக் பந்தயத்தில் பாய்ப்படகு 2000-ம் வருஷம் முதல் 2016 வரை ஒரு பந்தயமாக இருந்தது. பிறகு எடுத்துவிட்டார்கள். போதுமான நாடுகளில் இந்த விளையாட்டு பரவவில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். அந்த வெட்கத்தில் நமக்கும் பங்குண்டு. நம்மிடம் ஆளில்லையா? நமது சேலம் ஜில்லாப் பெரியவடகம்பட்டி மாரியப்பன், ஐந்து வயதில் பஸ் ஏறிக் கால் சிதைந்தவர், 2016-ல் உயரம் தாண்டித் தங்கமும், டோக்கியோவில் வெள்ளியும், 2024-ல் பாரிஸில் வெண்கலமும் கொண்டு வந்தார். குவாலியரைச் சேர்ந்த பிராச்சி யாதவ், கால்கள் வலுவிழந்த பெண், போபால் ஏரியில் துடுப்புப் போட்டுப் பழகி, 2023-ல் நடந்த ஆசியப் பந்தயத்தில் தங்கம் வாங்கினார். போபாலில் ஓர் ஏரியும் ஒரு துறையும் ஒரு வாத்தியாரும் கிடைத்ததால் வந்த பலன் அது.

இனி, நம்மை எதிர்த்துச் சொல்லப்படும் சமாதானங்களைக் கவனிப்போம்.

"சோற்றுக்கே வழியில்லாதவனுக்குப் படகு விளையாட்டு எதற்கு?" என்பது முதலாவது. 1924-ல் வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருவில் நடக்க உரிமை கேட்டபோதும், சோற்றைப் பாருங்கள், தெரு எதற்கு என்று புத்தி சொன்னவர்கள் உண்டு. தெருவில் நடந்தால் வயிறு நிரம்பாது என்பது வாஸ்தவம். ஆனால் நடக்கக்கூடாது என்று தடுக்கப்பட்டவனை மனிதனாக ஊரார் எண்ணமாட்டார்கள். எண்ணாதவரையில் அவனுக்குக் கூலியும் சரியாகக் கொடுக்கமாட்டார்கள். அன்று தடுத்தது ஒரு பலகை. இன்று தடுப்பது இருபது படி. பலகையில் எழுத்து இருந்தது, படியில் எழுத்தில்லை. தடுக்கப்பட்டவனுக்கு இரண்டும் ஒன்றே. மேலும் சோறும் வேலையும் கேட்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அதையும் கேளுங்கள், இதையும் கேளுங்கள் என்றுதான் சொல்லுகின்றோம்.

"ஆபத்து அல்லவா?" என்பது இரண்டாவது. தண்ணீர் எல்லோருக்கும் ஆபத்துத்தான். இரண்டு காலும் உள்ளவன் நீச்சல் தெரியாமல் விழுந்தால் கால் அவனை மிதக்க வைக்காது. மிதவைச் சட்டையை ஏறும் ஒவ்வொருவருக்கும் கட்டாயமாகக் கட்டுங்கள். மீட்புப் படகு ஒன்று வைத்துக் கொள்ளுங்கள். ஆபத்தைக் குறைப்பது அறிவு. ஆளைக் குறைப்பது சோம்பேறித்தனம். அன்றியும், ஆடிப் பதினெட்டுக்கு இதே ஆட்களைப் பாவம் தொலையும் என்று தோளில் தூக்கிக் கொண்டு போய்க் காவேரி வெள்ளத்தில் முழுக்காட்டுகின்றார்களே, அப்போது ஆபத்து எங்கே போயிற்று?

"செலவு அதிகம்" என்பது மூன்றாவது. நமது சங்ககிரிப் பட்டறைகளில் செயின் பிளாக்கைக் கொண்டு ஒரு பையன் தனியாக லாரி எஞ்சினைத் தூக்கி இறக்குகின்றான். நூற்றுக்கணக்கான கிலோ எஞ்சினைத் தூக்கத் தெரிந்த ஊருக்கு, அறுபது கிலோ மனிதனைப் படகில் இறக்கத் தெரியாதா? காவேரித் துறைகளில் மோட்டார் சைக்கிளைப் பரிசலிலும் படகிலும் ஏற்றி அக்கரைக்குக் கொண்டு போவதைப் பார்க்கின்றோம். மோட்டார் சைக்கிளுக்கு உள்ள யோக்கியதை மனிதனுக்கு இல்லையா?

சட்டம் இல்லை என்றும் சொல்ல முடியாது. 2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பொழுதுபோக்கிலும் விளையாட்டிலும் அவர்களுக்குச் சம பங்கு கிடைக்கும்படி செய்வது சர்க்கார் கடமை என்று தனித்தனிப் பிரிவாகவே சொல்லுகின்றது. விளையாட்டு இடங்களையும் கருவிகளையும் அதற்குத் தக்கபடி மாற்றியமைக்க வேண்டும் என்றும் சொல்லுகின்றது. 2024 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டும், இந்த வசதிகளின் தரம் இஷ்டப்பட்டால் செய்யும் யோசனையாக இருக்கக்கூடாது, கட்டாயமாக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. சென்னை மெரினாவில், சில ஆண்டுகளில் டிசம்பரில் சில நாட்களுக்கு மட்டும் ஒரு தற்காலிகப் பாதை போட்டு எடுத்து வந்தார்கள். பிறகு 2022 நவம்பரில் கடல் வரை போக நிரந்தர மரப்பாதை அமைத்தார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதை உடைத்தது, பிறகு செப்பனிட்டார்கள். ஆயுளில் முதல் தடவையாக அலையில் கால் நனைத்தவர்கள் அங்கே உண்டு. அது நல்ல காரியம், பாராட்டுகின்றோம். ஆனால் கடலின் விளிம்பு வரை கொண்டு போய் நிறுத்திவிட்டால் போதுமா? விளிம்புக்கு அப்பால் அல்லவா கடல் இருக்கின்றது!

ஊனமுற்றோர் என்ற பெயரை மாற்றுத்திறனாளி என்று சர்க்கார் மாற்றியதையும் நாம் வரவேற்றோம். ஆயினும் பெயரை மாற்றியதால் படிக்கட்டு சரிவாகிவிடாது. 1025-ல் ராஜேந்திர சோழன் கடாரத்துக்குக் கப்பல் விட்டான் என்று மேடைதோறும் மார்தட்டுகின்ற தமிழன், ஆயிரம் வருஷம் கழித்து ஒரு காலில்லாத தமிழனை ஏரிப் படகில் ஏற்ற முடியாமல் விழிப்பது பெருமைக்குரிய சங்கதியா?

ஆகவே நாம் கேட்பதைச் சுருக்கமாகச் சொல்லி முடிக்கின்றோம். மேட்டூரில் 1934-ல் கட்டி முடித்த அணைக்குப் பின்னால், நிறைந்தால் சுமார் 59 சதுர மைல் தண்ணீர் நிற்கின்றது. பாய்ப்படகுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? நீர்மட்டம் ஏறி இறங்குவதால் அங்கே கல்படி உதவாது. தண்ணீரோடு தானும் ஏறி இறங்குகின்ற மிதவைத் துறையும், அதற்குச் சரிவுப் பாலமும் வேண்டும். அதை முதலில் அங்கே ஒன்று அமைக்கட்டும். கனத்த அடிப்பலகையுள்ள படகு நான்கு வாங்கட்டும். ஓட்டப் பழக்க ஆள் வைக்கட்டும். ஏற்காட்டு ஏரி முதற்கொண்டு சர்க்கார் படகுத்துறை ஒவ்வொன்றிலும் சரிவுப் பாதையும், ஆளை இறக்கும் தூக்கியும், எல்லோருக்கும் மிதவைச் சட்டையும் வைக்கட்டும். இந்த வேலைகளை மேற்பார்க்கும் கமிட்டியில் கண்ணில்லாதவரும் காலில்லாதவருமே பாதிக்கு மேல் இருக்கட்டும். ஸ்தல ஸ்தாபனங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினராக்க 2025-ல் நமது சட்டசபை சட்டம் செய்திருக்கின்றது. சட்டசபைக்குப் புரிந்தது துறை அதிகாரிகளுக்கும் புரியவேண்டும்.

பெரியார் தமது கடைசிக் காலத்தில் தாமாக எழுந்து நிற்க முடியாதவராய், உடம்போடு சிறுநீர்க் குழாயைச் சுமந்து கொண்டே ஊர் ஊராகச் சுற்றினார். 1973 டிசம்பர் 19-ல் தியாகராய நகரில் கடைசிக் கூட்டம் பேசினார். அவரை மேடைக்குத் தூக்கிச் சென்ற தோழர்கள் புண்ணியம் சம்பாதிப்பதற்காகத் தூக்கவில்லை. அவருடைய பேச்சு நாட்டுக்கு வேண்டியிருந்தது, ஆகையால் தூக்கினார்கள். மனிதனை மனிதன் தூக்க வேண்டிய விதம் அதுதான்.

செருப்புக்குக் காவல் இருந்த நமது தோழருக்கு இருபத்திரண்டு வருஷம் கனத்த லாரியைக் காஷ்மீர் வரை ஓட்டிய கை இருக்கின்றது. அந்தக் கைக்கு ஒரு பாய்க்கயிற்றைப் பிடிக்கத் தெரியாது என்று சொல்ல எவருக்கும் யோக்கியதை கிடையாது. அவர் மடியில் விழுந்த ஐந்து ரூபாயை நமது காரியாலயத்தில் கொடுத்து, இந்த விஷயத்தைப் பற்றி எழுதும்படி சொன்னார். அந்த நாணயத்தை மேஜை மேல் வைத்துக் கொண்டுதான் இதை எழுதுகின்றோம். அதைப் போட்ட பெரியவர் இதைப் படித்தால் வந்து வாங்கிக் கொள்ளலாம். தோழருக்குத் தேவை காசல்ல, டிக்கட்.